மூளை தேயும் நோய்கள்: வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

என் அப்பாவுக்கு நடுக்குவாதம், அத்தைக்கு ஆல்சைமர். இரண்டு பேரையும் வீட்டில் வைத்துப் பார்த்ததால், யார் வீட்டிலாவது இப்படி ஒன்று வந்தால் உடனே எனக்குத்தான் போன் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நரம்பியல் மருத்துவர் வேலை. ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: பிடிவாதம், சோம்பல், சந்தேக புத்தி, "வேணும்னே பண்றார்" என்று நாம் பேர் வைக்கிற பலதும் நோயின் வேலை. இது புரிந்துவிட்டாலே வீட்டில் பாதிச் சண்டை நின்றுவிடும்.

ஆல்சைமர், பார்க்கின்சன், டிமென்ஷியா எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஞாபகம், பேச்சு, முடிவெடுப்பது இவையெல்லாம் குறைந்து, அன்றாடக் காரியத்தையே தனியாகச் செய்ய முடியாமல் போகிற நிலைமைக்குத்தான் டிமென்ஷியா என்று பெயர். அதைக் கொண்டுவருகிற நோய்கள் பல. அதிகம் வருவது ஆல்சைமர், அப்புறம் மூளை ரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது, லூயி பாடி, முன்மூளை தேய்வு என்று போகும், வயதானவர்களுக்கு இரண்டு மூன்று கலந்தும் இருக்கும். பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம், உடல் அசைவில் தொடங்குகிற நோய், பல வருடம் கழித்து அதிலும் மனம் பாதிக்கப்படலாம். மூளையில் எந்த இடம் முதலில் அடி வாங்குகிறதோ அதைப் பொறுத்துத்தான் முதல் அறிகுறி. நோய் பரவப் பரவ எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. இந்த நோய்கள் பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு புரதம் தப்பாக மடிந்து, கரையாமல், செல்லுக்கு உள்ளேயோ வெளியிலோ கட்டியாகச் சேர்ந்துகொள்கிறது. ஆல்சைமரில் அமிலாய்டு வெளியே திட்டாகவும் டாவ் என்ற புரதம் உள்ளே முடிச்சாகவும் சேரும். பார்க்கின்சனிலும் லூயி பாடி நோயிலும் ஆல்பா சைனூக்ளின் சேரும். செல்கள் முதலில் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்துகின்றன, பிறகு சாகின்றன.

அலோயிஸ் ஆல்சைமர் 1901-ல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைப் பரிசோதித்தார். கணவர் மீது தீராத சந்தேகம், ஞாபகக் குழப்பம், தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் மறந்துபோவது என்றெல்லாம் குறித்துவைத்தார். அந்த அம்மா 1906-ல் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் திட்டும் முடிச்சும் தெரிந்தன. நோய் அடையாளம் காணப்பட்ட முதல் ஆளிடமே சந்தேகம் ஒரு முக்கிய அறிகுறியாக இருந்தது என்பதைக் கவனியுங்கள், கீழே அதற்கு வருகிறேன்.

இன்னொன்று, இது வெளியே தெரிய ஆரம்பிப்பதற்கு 15, 20 வருடம் முன்பே உள்ளே தொடங்கிவிடுகிறது. "போன வருஷம்தானே வந்தது" என்று நினைக்க வேண்டாம்.

வயதானால் மறதி சகஜம்தானே? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சகஜம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசிப்பது சகஜமில்லை. வருடக்கணக்காகப் போட்ட சாம்பார் திடீரென்று வராமல் போவது, பழகின தெருவில் வழி தவறுவது, சில்லறை எண்ணத் தடுமாறுவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் நான்கு முறை கேட்பது, இதில் எது வந்தாலும் காட்டிவிடுங்கள். வயசாகிடுச்சு என்று தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் சரி பண்ணக்கூடிய காரணங்களும் இதே வேஷத்தில் வரும். வைட்டமின் பி12 குறைவு (சுத்த சைவக்காரர்களுக்கு இது நிறைய வரும்), தைராய்டு சுரப்புக் குறைவு, எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெதுவாகக் கட்டிய ரத்தம், மூளையில் நீர் தேங்குவது, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் எல்லாமே மறதி கொடுக்கும். ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் எடுக்காமல் யாராவது "இது ஆல்சைமர்" என்று சொன்னால், இன்னொரு இடத்தில் காட்டுங்கள்.

காலையில் சாப்பிட்டது ஞாபகமில்லை, கல்யாணத்துக்கு வந்த மொய்க் கணக்கைச் சொல்கிறாரே, நடிக்கிறாரா?

நடிக்கவில்லை. புதிய ஞாபகங்களைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை ஆல்சைமர் முதலிலேயே தாக்குகிறது. பழைய ஞாபகங்கள் மூளையில் பரவலாகப் பதிந்துவிட்டவை, அவை கடைசியில்தான் போகும். காலையில் நடந்தது மறந்துபோனது என்பது தப்பு, அது பதியவே இல்லை. அதனால் "இப்பதானே சொன்னேன்" என்ற வார்த்தைக்கு அவரிடம் அர்த்தமே கிடையாது.

கை பழகின வேலைகள் வேறு வழியாக நடப்பதால் இன்னும் நாள் தாங்கும். என் அத்தைக்குப் பேரன் பெயர் போன பிறகும் மல்லிகைப்பூ கட்ட வந்தது, புள்ளிக்கோலத்தில் சிக்கு விழவில்லை. சின்ன வயசில் கேட்ட பாட்டும் அப்படித்தான் நிற்கும். இருக்கிறதைப் பயன்படுத்துங்கள். "இது யாரு சொல்லு பார்ப்போம்" என்று வருகிறவர்கள் எல்லாம் பரீட்சை வைப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள், பதில் தெரியாத அவமானம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

மருமகள் நகையைத் திருடிவிட்டாள் என்கிறார். என்ன சொல்வது?

இது எத்தனை குடும்பத்தை உடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வளையலை அவரே அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருப்பார். வைத்தது பதியவில்லை. தேடும்போது இல்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும், அதாவது எப்போதும் பக்கத்தில் இருக்கும் ஆள். அந்த ஆள்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பார்த்துக்கொள்கிற மருமகள் அல்லது வேலைக்கு வரும் அக்கா. அவர் மூளைக்குக் கிடைக்கிற துண்டு துணுக்குகளை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு சரியாகத்தான் படும். சத்தியம் பண்ணி நிரூபிக்கப் போகாதீர்கள். "காணோமா, வாங்க சேர்ந்து தேடுவோம்" என்று கூடவே போங்கள். ஒளித்துவைக்கும் இடங்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று நான்குதான் இருக்கும், சீக்கிரம் பிடிபடும். தங்கத்தை எடுத்து பத்திரப்படுத்திவிட்டு அதே மாதிரி கவரிங் கொடுத்துவிடுங்கள். ஊரில் இருந்து வருகிற மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வார்த்தை: அம்மா போனில் சொன்னதை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறவரை விசாரிக்காதீர்கள்.

சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புகிறாரே?

பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் ரொம்பப் பரவலாக இருக்கிறது. மூளையின் உள் கடிகாரம் கெட்டிருக்கும், பகல் முழுக்கச் சமாளித்த களைப்பு இருக்கும், வெளிச்சம் குறைந்து நிழல் கூடும். அவர் கேட்கிற வீடு பெரும்பாலும் சின்ன வயசு வீடு, அங்கே அவருடைய அம்மா இருக்கிறார். "இதுதான் உன் வீடு" என்று வாதாடினால் பயம் கூடும். அம்மா இறந்துவிட்டார் என்று ஞாபகப்படுத்தினால் அந்தச் சாவை அவர் அன்றைக்குத்தான் கேட்கிறார். நான்கு மணிக்கே விளக்கைப் போடுங்கள், காபி கொடுங்கள், தெரு முனை வரை ஒரு நடை கூட்டிப் போய்த் திரும்பி வாருங்கள். பாதி நாள் அதுவே போதும்.

மறதியே இல்லை, ஆனால் அப்பாவின் குணமே மாறிவிட்டது. 58 வயதுதான் ஆகிறது.

முன்மூளையும் பக்க மூளையும் தேய்கிற நோயாக இருக்கலாம். பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் ஆரம்பிக்கும். வெட்கம், நிதானம், அடுத்தவர் மனசு புரிவது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. அது கெட்டால் அமைதியான மனுஷர் சாவு வீட்டில் சிரிப்பார், முன்பின் தெரியாதவர்களிடம் கன்னாபின்னாவென்று பேசுவார், இனிப்பை அள்ளிச் சாப்பிடுவார், பணத்தை வாரி விடுவார், மனைவி காய்ச்சலில் கிடந்தால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற உணர்வே இருக்காது. இன்னொரு வகையில் பேச்சுதான் முதலில் போகும். நடிகர் புரூஸ் வில்லிஸுக்குப் பேச்சுக் கோளாறில் தொடங்கி இந்த நோய் உறுதியானதை அவர் குடும்பம் 2023-ல் அறிவித்தது. நம் ஊரில் இவர்களைப் பல வருடம் மனநல மாத்திரையிலும் பரிகாரத்திலும் சுற்ற விடுகிறோம். நடு வயதில் ஒருவர் குணம் அடியோடு மாறினால் நரம்பியல் மருத்துவரையும் ஒரு தடவை பாருங்கள்.

அறையில் குழந்தைகள் நிற்கிறார்கள் என்கிறார். பேயா, பைத்தியமா?

இரண்டும் இல்லை. இல்லாத ஆட்களும் குழந்தைகளும் பூனை நாய்களும் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவது லூயி பாடி டிமென்ஷியாவின் முக்கிய அடையாளம். இன்று தெளிவாகப் பேசுவார், நாளைக்கு அரைத் தூக்கத்தில் இருப்பார், உடல் இறுகி நடை சுருங்கும், தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கை கால் வீசுவார். இவர்களைத் தனியாகச் சொல்ல ஒரு அவசரக் காரணம் இருக்கிறது. ஹாலோபெரிடால் மாதிரியான மனநோய் மருந்துகள் இவர்களுக்குக் கடுமையாக ஒத்துக்கொள்ளாது, உடல் கட்டையாக இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆவேசமாக இருக்கிறார் என்று யாராவது ஊசி போட வந்தால் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள்.

நடுக்குவாதம் என்றால் கை நடுக்கம்தானே?

நடுக்கம் கண்ணில் படுவதால் அந்தப் பெயர். சிலருக்கு நடுக்கமே இருக்காது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-லேயே இந்த நோயை விவரித்துவிட்டார். ஆனால் டோபமைன் என்ற ரசாயனம் குறைவதுதான் காரணம் என்று புரிய இன்னும் 140 வருடம் பிடித்தது. கை கால் அசைவு தெரிந்து நோய் பிடிபடும் நேரத்தில் டோபமைன் சுரக்கும் செல்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும்.

எல்லாம் மெதுவாகும். கையெழுத்து சின்னதாகும், குரல் இறங்கும், முகத்தில் பாவமே தெரியாது. அப்பாவைப் பார்த்துவிட்டுப் போன சொந்தக்காரர் ஒருவர் "நாங்க வந்தது அவருக்குப் பிடிக்கல போல, முகத்தை உம்முனு வெச்சிருந்தார்" என்று வருத்தப்பட்டார். அன்றைக்கு அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம், முகத் தசைதான் காட்டவில்லை. வாசல்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவதும் உண்டு. அப்போது பிடித்து இழுத்தால் விழுவார், தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொன்னாலோ தாளம் போட்டு எண்ணினாலோ கால் எழும்.

மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கத்துவது எல்லாம் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்னாலேயே வந்திருக்கும். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயின் உள்ளேயே இருக்கிறவை, கவலையால் மட்டும் வருபவை என்று விட்டுவிட வேண்டாம், தனியாக வைத்தியம் பாருங்கள். வைத்தியத்திலும் ஒரு கவனம் வேண்டும்: சில மாத்திரைகளால் அடக்க முடியாத சூதாட்டமும் செலவும் வரலாம். அதையும் கெட்ட பழக்கம் என்று எண்ணி மூடி மறைக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோக்ளோப்ரமைடு மாதிரியான மருந்துகளே நடுக்குவாதம் போன்ற நிலையை உண்டாக்கலாம், இருப்பதைக் கூட்டவும் செய்யலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள்.

லெவோடோபா மாத்திரை சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லையே?

லெவோடோபா நடுக்குவாதத்துக்குத் தருகிற முக்கிய மருந்து, மூளையில் டோபமைனாக மாறும். முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். புரதம் குடலில் இந்த மருந்தோடு போட்டி போடும். பருப்பு, முட்டை, பால், கறி சாப்பிட்டதும் மாத்திரை போட்டால் பாதிதான் ஏறும். சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்தால் நல்லது, இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துத் தரக் கூடாது. நேரம் தவறவே கூடாது, வருடங்கள் போகப் போக அரை மணித் தாமதமே ஆளைச் சிலையாக்கிவிடும்.

பூனைக்காலி விதை கொடுக்கலாமா?

பூனைக்காலியில் லெவோடோபா நிஜமாகவே இருக்கிறது, நம் நாட்டு வைத்தியம் அதை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறது. அதனாலேயே ஜாக்கிரதை. மாத்திரையும் போட்டு விதைப்பொடியும் சாப்பிட்டால் அளவு கூடிப்போகும், உடம்பு தானாக நெளியும், இல்லாதது தெரியும். டாக்டரிடம் மறைத்துக் கொடுக்காதீர்கள்.

ஆல்சைமர் ஞாபகம் சம்பந்தப்பட்டதுதானே, உடம்பு ஏன் கெடுகிறது?

நடப்பது, விழுங்குவது, சிறுநீரை அடக்குவது எல்லாம் மூளை நடத்துகிற காரியம்தான். நோய் பரவும்போது அவையும் போகும். பார்வை நன்றாக இருந்தும் பார்த்ததை மூளை புரிந்துகொள்ளாது, அதனால் கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், தாண்டப் பயப்படுவார். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குப் படாமல் பசியோடு எழுந்துவிடுவார். போஸ்டனில் 2004-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், பளிச்சென்ற சிவப்புத் தட்டும் கோப்பையும் கொடுத்ததும் முற்றிய நிலையில் இருந்தவர்கள் சுமார் 25 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். நம் வீட்டில் வாழை இலையே அந்த வேலையைச் செய்யும்.

கடைசிக் கட்டத்தில் விழுங்குவதுதான் பெரிய பிரச்சினை. தண்ணீர்தான் கஞ்சியைவிட எளிதாகப் புரையேறும், நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும், இந்த நோயில் பலர் இறப்பது அதனால்தான். நிமிர உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். படுக்க வைத்து ஊற்றவே ஊற்றாதீர்கள்.

நேற்று வரை ஓரளவு இருந்தார், இன்று ஆளே அடையாளம் தெரியவில்லை என்கிறார். நோய் முற்றிவிட்டதா?

ஒரே நாளில் இந்த நோய்கள் முற்றுவதில்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை, எங்காவது வலி, தலையில் அடி, பக்கவாதம் இவற்றில் ஒன்றாக இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், முகம் கோணினாலோ ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பிள்ளைகளுக்கு வருமா?

நோயைப் பொறுத்தது. உடம்பு தானாக ஆடி, மனமும் கெடுகிற பரம்பரை நோயான ஹன்டிங்டன் அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. அதன் மரபணு 1993-ல் கண்டுபிடிக்கப்பட்டது, பரிசோதனை இருக்கிறது, ஆனால் ஆலோசனை பெறாமல் யாரும் அந்தப் பரிசோதனைக்குப் போகக் கூடாது. ஆல்சைமரும் பார்க்கின்சனும் பெரும்பாலும் அப்படி நேராக இறங்குவதில்லை, ஆபத்து கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 40, 50 வயதிலேயே குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் கதை வேறு, மரபணு மருத்துவரைப் பாருங்கள்.

மருந்து இருக்கிறதா? தடுக்க முடியுமா?

முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு எதற்கும் இல்லை. "மூன்று மாதத்தில் ஞாபகம் திரும்பும்" என்று விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் என்ற ஞாபக மருந்துகள் கொஞ்ச காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். ஆல்சைமரில் அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் என்ற மருந்து 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. 18 மாத ஆய்வில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது, ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும், அதிலும் சிலருக்கு மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் உண்டு.

தடுப்பதில் சொல்லக்கூடியது கூடுதலாகவே இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் 14 காரணங்களைச் சொல்லி, அவற்றைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருப்பதாகக் கணக்கிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, தனிமை, காது கேளாமை எல்லாம் அதில் வருகின்றன. காது மெஷின் போட மறுக்கும் தாத்தாக்களை எப்படியாவது சம்மதிக்க வையுங்கள். ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டதில், இரண்டு மொழியாவது பேசுகிறவர்களுக்கு டிமென்ஷியா சுமார் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது, பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது.

வங்கி, சொத்து, சலுகைகள்?

தெளிவு இருக்கும்போதே செய்துவிடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி பவர் எழுதிக் கொடுத்தவர் மனத் தெளிவை இழந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாமல் போகும், பிறகு நீதிமன்றம்தான். கூட்டுக் கணக்கு, நாமினி, உயில் எல்லாவற்றையும் அவர் விருப்பத்தைக் கேட்டு முதல் வருடத்திலேயே முடியுங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் பெயர் சொல்லியே இருக்கிறது, அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

எனக்கே முடியவில்லை. யாரிடம் கேட்பது?

முடியவில்லை என்று சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. இரவு முழுக்க விழித்து, பகலில் வேலை பார்த்து, நடுவில் திருடி என்று பேரும் வாங்குகிறவர் உடைந்துபோவது இயல்பு. வீட்டில் அண்ணன் தம்பி இருந்தால் பணத்தை மட்டும் வாங்காதீர்கள், அவர்கள் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள், வாரத்தில் ஒரு நாள் அவர்கள் வந்து உட்காரட்டும். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பும், 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்ற இந்திய ஆல்சைமர் சங்கமும் குடும்பங்களுக்கு வழிகாட்டுகின்றன. முதியோர் உதவி எண் 14567, மனநல உதவிக்கு 14416.

வேறு எதற்காகவோ ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கிறது. என்ன சொல்ல வேண்டும்?

இடுப்பு எலும்பு முறிவோ காய்ச்சலோ, எதற்காகச் சேர்த்தாலும் வார்டு ஆட்களுக்கு மூளை நோய் இருப்பது தெரியாது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி கேஸ் ஷீட்டோடு இணைக்கச் சொல்லுங்கள்: நோயின் பெயர், மாத்திரைகளும் அவற்றின் சரியான மணியும், கொடுக்கக் கூடாத மருந்துகள், எதைக் கெட்டியாக்கி ஊட்ட வேண்டும், அவரை எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். லெவோடோபாவை வார்டின் எட்டு மணி ரவுண்டுக்காகத் தள்ளிவைக்க விடாதீர்கள், திடீரென்று நிறுத்தவும் விடாதீர்கள். மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். இரவில் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் இன்னொரு முறை கேளுங்கள்.